மெமரி கிளினிக்கில் என்ன நடக்கிறது? டிமென்ஷியா உள்ள முதியவரின் வீட்டாருக்கு ஓர் அறிமுகம்

முதியவர்களிடம் தோன்றும் மறதி, குழப்பம், நடத்தை மாற்றம் ஆகியவற்றின் காரணத்தைக் கண்டறிந்து, அதன்பின் பல ஆண்டுகள் அவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும் தொடர்ந்து வழிநடத்தும் சிறப்பு வெளிநோயாளர் சேவையே மெமரி கிளினிக். அமெரிக்காவில் 1970களிலும் பிரிட்டனில் 1980களிலும் இத்தகைய கிளினிக்குகள் தொடங்கப்பட்டபோது ஆராய்ச்சியே அவற்றின் முதன்மை நோக்கமாக இருந்தது. பராமரிப்பும் குடும்ப ஆலோசனையும் பின்னர்தான் முக்கிய இடம் பெற்றன. நம் ஊர்களில் இதற்கெனத் தனிக் கட்டடம் இருப்பது அரிது. பெரும்பாலும் முதியோர் மருத்துவம், நரம்பியல், மனநலம் ஆகிய துறைகளில் ஏதேனும் ஒன்றில், வாரத்தில் குறிப்பிட்ட நாளில், வழக்கமான ஓ.பி.யைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கி இச்சேவை நடக்கும். மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என ஒரு குழு சேர்ந்து இயங்குவதே சிறந்த ஏற்பாடு. எல்லா இடங்களிலும் முழுக் குழு அமைவதில்லை.

கிளினிக்குக்கு வரும் குடும்பங்கள் பொதுவாக இரண்டை எதிர்பார்க்கின்றன: ஒரு ஸ்கேன், ஒரு மாத்திரை. இரண்டுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால், நோயாளியோடும் வீட்டாரோடும் மருத்துவக் குழு பொறுமையாக நடத்தும் உரையாடலில்தான் நோய் பெரும்பாலும் பிடிபடுகிறது. பிற்பாடு வீட்டின் அன்றாடத்தைத் தாங்கிப்பிடிப்பதும் அதே உரையாடலின் தொடர்ச்சிதான்.

எது மறதி, எது டிமென்ஷியா

டிமென்ஷியா என்பது தனியொரு நோயின் பெயரன்று. நினைவு, மொழி, திட்டமிடல், திசையறிதல், நடத்தை ஆகியவற்றில் ஏற்படும் குறைபாடு ஒருவருடைய அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்ள முடியாத அளவுக்கு முற்றும்போது அந்த நிலை டிமென்ஷியா எனப்படுகிறது. அதை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றுள் அல்சைமர் நோய்தான் மிகப் பரவலானது. உலக அளவில் டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அதுவே காரணம். ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் தாம் கவனித்த ஒரு பெண்மணியின் நோய் வரலாற்றையும், அவர் இறந்தபின் மூளையில் கண்ட மாற்றங்களையும் 1906ஆம் ஆண்டு மருத்துவர்கள் கூட்டத்தில் எடுத்துரைத்தார். மூளை இரத்தக்குழாய் பாதிப்பால் வருவது, மூளைச் செல்களுக்குள் லூயி உடல்கள் எனப்படும் புரதத் திரள்கள் சேர்வதால் வரும் லூயி உடல் டிமென்ஷியா, மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கும் ஃபிரண்டோடெம்பொரல் வகை ஆகியவை அல்சைமருக்கு அடுத்தபடியாகக் காணப்படும் வகைகள். வயது கூடக் கூட, ஒரே மூளையில் இரண்டு காரணங்கள் சேர்ந்திருப்பதும் இயல்பு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், திருமண வீட்டில் பார்த்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமலிருப்பதும் வயதோடு வருபவை. நாற்பது ஆண்டுகள் சமைத்த கை, சாம்பாருக்குப் பருப்பை வேகவைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்குமானால் அது வேறு. பென்ஷன் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தவர் சில்லறை எண்ணத் தடுமாறுவது, நாள்தோறும் போய்வந்த கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைக் கால் மணி நேரத்துக்குள் பலமுறை கேட்பது, அமைதியானவர் திடீரென்று கூச்சமின்றிப் பேசத் தொடங்குவது ஆகியவையும் கவனத்துக்குரியவை. எவ்வளவு மறக்கிறார் என்பதைவிட, முன்பு செய்த வேலைகளில் எதைச் செய்ய முடியவில்லை என்பதே மருத்துவருக்கு முக்கியம். சோதனையில் குறைபாடு தெரிந்தும் அன்றாடம் பாதிக்கப்படாத இடைநிலை ஒன்றும் உண்டு. அதை லேசான அறிதிறன் குறைபாடு என்பார்கள். அந்நிலையில் உள்ள அனைவரும் டிமென்ஷியாவுக்குச் செல்வதில்லை. சிலர் அப்படியே நீடிக்கிறார்கள், சிலர் தேறியும் விடுகிறார்கள். ஆகவே அவர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி பரிசோதிப்பார்கள்.

"வயசானா அப்படித்தான்" என்ற ஒற்றை வாக்கியம் நம் வீடுகளில் எத்தனையோ மாதங்களை விழுங்கிவிடுகிறது. அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் எஞ்சியதை எடுத்துக்கொள்கிறது.

முதல் வருகை

முதல் வருகைக்கு ஒன்றிரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு செல்வது நல்லது. மாற்றம் எப்போது தொடங்கியது, முதலில் கண்ணில் பட்டது எது, படிப்படியாக வளர்ந்ததா, திடீரென்று வந்ததா, நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறதா என்று கேட்பார்கள். இந்த விடைகளே நோயின் வகையைப் பெரிதும் சுட்டிவிடும். ஆண்டுக் கணக்கில் மெல்ல வளர்ந்த மறதி அல்சைமரை நினைவூட்டும். பக்கவாதத்துக்குப்பின் படிக்கட்டு இறங்குவதுபோல் சரிந்த நிலை இரத்தக்குழாய் வகையை நினைவூட்டும். தெளிவும் குழப்பமும் மாறி மாறி வர, இல்லாத மனிதர்களோ விலங்குகளோ கண்ணுக்குத் தெரிவதாகச் சொன்னால் லூயி உடல் வகையை ஐயுறுவார்கள்.

இங்கே யார் உடன் செல்கிறார்கள் என்பது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோகும் மகனிடமும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மகளிடமும் முதியவர் நன்றாகத்தான் பேசுவார். நலம் விசாரிக்கும் பேச்சு நோயின் தொடக்கத்தில் கெடுவதில்லை. அடுக்களையிலும் குளியலறையிலும் நடப்பதை அறிந்தவர் உடனிருக்கும் மனைவியோ, மருமகளோ, பகலில் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணோதான். அவர்களில் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். குறைகளை முதியவரின் எதிரிலேயே அடுக்குவது அவரை அவமானப்படுத்தும் என்பதால், நல்ல கிளினிக்குகள் வீட்டாரிடம் தனியாகப் பேச நேரம் ஒதுக்குகின்றன. ஒதுக்காவிட்டால் நீங்களே கேட்கலாம், அல்லது இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

கையோடு கொண்டுபோக வேண்டியவற்றுள் முதன்மையானது மாத்திரைப் பை. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் மட்டுமல்லாமல், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை, சளி மாத்திரை, சூரணம், லேகியம் எல்லாமே அதில் இருக்க வேண்டும். அரிப்புக்கும் சளிக்கும் தரப்படும் சில பழைய மாத்திரைகளும், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் சில மருந்துகளும், தூக்க மருந்துகளும் முதியவரின் நினைவைக் கலங்கடிக்கக் கூடியவை. அவற்றை மருத்துவர் சொற்படி குறைத்தாலே சிலர் தெளிவடைவதுண்டு. மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்கக் கூடாது. கேள்வி காதில் விழாததும் விடை தெரியாததும் சோதனைத் தாளில் ஒன்றுபோலத்தான் பதிவாகும்.

அடுத்தது நினைவுச் சோதனை. 1975இல் வெளியான எம்.எம்.எஸ்.இ., 2005இல் வெளியான மோகா என்ற இரண்டு சோதனைகளும் 30 மதிப்பெண் கொண்டவை. 100 மதிப்பெண் கொண்ட விரிவான சோதனைகளும் உள்ளன. தேதி, இடம், சொற்களை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்லுதல், கழித்தல் கணக்கு, படம் வரைதல் என்று இவை செல்லும். இவற்றில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளிக்கே போகாத ஒரு பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொன்னால் அவர் மூளையைவிட அவருக்குக் கிடைக்காத கல்வியைத்தான் அளக்கிறோம். ஆங்கிலத் தேதி தெரியாதவருக்கு அமாவாசை கடந்து எத்தனை நாளாயிற்று என்று துல்லியமாகத் தெரிந்திருக்கலாம். மறுபுறம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 28 மதிப்பெண் எடுத்துவிட்டு, வீட்டில் மின்கட்டணம் கட்டத் தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். கல்வியால் வரும் இந்தச் சாய்வைக் குறைக்கும் முயற்சியில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு: வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராய்ந்த 10/66 என்ற பன்னாட்டுக் குழுவின் களங்களில் சென்னையும் வேலூரும் இருந்தன. உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அங்கு நடக்கின்றன என்பதைச் சுட்டவே அக்குழு அந்த எண்ணைப் பெயராக வைத்துக்கொண்டது.

வீட்டார்க்கு ஒரு வேண்டுகோள். சோதனையின்போது பின்னாலிருந்து விடையை முணுமுணுக்காதீர்கள். முந்தைய நாள் வீட்டில் பயிற்சி கொடுத்து அழைத்துவராதீர்கள். இது தேர்ச்சி பெற வேண்டிய தேர்வன்று. மதிப்பெண் குறைவாக வந்ததனால் மட்டும் யாருக்கும் டிமென்ஷியா என்று முத்திரை குத்தப்படுவதுமில்லை.

திருத்தக்கூடிய காரணங்கள்

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, பி12 வைட்டமின், இரத்தச்சோகை, சர்க்கரை, சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நம்மிடையே பி12 குறைபாட்டைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்: சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும் அது எளிதில் வரும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகள் சோடியத்தைக் குறைத்துக் குழப்பத்தை உண்டாக்கும். துணையை இழந்த பிறகு வரும் மனச்சோர்வு அச்சு அசலாக மறதியைப் போலவே தோற்றமளிக்கும்.

ஓரிரு நாளில் திடீரென்று வந்த குழப்பத்துக்கு மெமரி கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கவே கூடாது. அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புக் குறைவு, மருந்துக் கோளாறு போன்றவற்றால் வரும் டெலிரியம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசரம்.

சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதன் முதல் நோக்கம், மறைந்திருக்கும் பிற காரணங்களைக் காண்பது. சில வாரங்களுக்கு முன் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதை வீட்டார் மறந்தே போயிருப்பார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே மெல்லக் கசிந்த இரத்தம் அதற்குள் மூளையை அழுத்தத் தொடங்கியிருக்கும். நடை தரையோடு ஒட்டி இழுபடுவது, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவ்விரண்டுக்கும் அறுவை சிகிச்சை உதவக்கூடும். ஸ்கேன் அறிக்கையில் "மூளைச் சுருக்கம்" என்ற சொற்களைக் கண்டு பதறுபவர்கள் பலர். எழுபது, எண்பது வயதில் ஓரளவு சுருக்கம் பலருக்கும் இருக்கும். அச்சொற்கள் மட்டுமே நோயை உறுதிசெய்வதில்லை.

முழுமையாகத் திரும்பிவிடும் நிலைகள் மொத்தத்தில் குறைவுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலோருக்கு இக்குறைகளைச் சரிசெய்தால் நிலைமை சற்றுத் தெளியும். அடியில் இருக்கும் நோய் தொடரும்.

நோயின் பெயரைச் சொல்வதும் அதன் பிறகும்

"அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்பது மெமரி கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கும் மன்றாட்டு. அன்பினால் எழுவதுதான், ஆனாலும் தொடக்க நிலையில் உள்ளவர் தெரிந்துகொள்ள விரும்பினால் அவரிடம் மறைப்பது சரியன்று என்பது என் கருத்து. தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே முடிவெடுக்க அவருக்கு எஞ்சியிருக்கும் காலம் அதுதான். சட்டமும் இதையே நினைவூட்டுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் பவர் பத்திரத்தின் செல்லுபடியும் முடிந்துவிடும். பிற்காலத்துக்கு உதவும் என்று எழுதி வைத்த பத்திரம் தேவைப்படும் வேளையில் பயனற்றுப் போகும். உயில் எழுதவும் சித்தத் தெளிவு வேண்டும் என்று 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கான சிகிச்சையைப் பற்றிய தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கவும் தமக்கான பிரதிநிதியை நியமிக்கவும் வழிசெய்திருக்கிறது. வங்கிக் கணக்கு, பென்ஷன், நியமனதாரர், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை வழக்குரைஞரோடு கலந்து ஒழுங்குபடுத்துவதற்கு நோய் உறுதியான முதல் சில மாதங்களே உகந்தவை.

மருந்துகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பு அளவோடு இருக்க வேண்டும். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகியவை அல்சைமரின் அறிகுறிகளைச் சிலருக்குச் சில காலம் சற்றுக் குறைக்கும். மெமன்டின் நடுத்தர, முற்றிய நிலைகளில் தரப்படும். இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. குமட்டல், வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, நாடித்துடிப்பு மெதுவாதல் ஆகியவை ஏற்பட்டால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். வகை தெரிந்திருப்பதன் பயன் இங்கேதான் புலப்படும்: டோனெபெசில் போன்றவை ஃபிரண்டோடெம்பொரல் வகைக்கு உதவுவதில்லை, கோபத்தை அடக்கத் தரும் சில மனநல மருந்துகள் லூயி உடல் வகையினரை ஆபத்தான அளவுக்கு முடக்கிப்போடும். அமெரிக்காவில் 2023இல் லெகனெமாப், 2024இல் டொனனெமாப் என்ற ஊசி மருந்துகள் ஒப்புதல் பெற்றன. அல்சைமரின் தொடக்க நிலையில், மூளையில் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவு உறுதியானவர்களுக்கு மட்டுமே இவை பொருந்தும்; நோயின் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தும்; மூளை வீக்கமோ நுண்கசிவோ ஏற்படுகிறதா என்று அறியத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும்.

கவனித்துக்கொள்பவருக்கான சேவை

நம் வீடுகளில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது: மனைவி, மகள், மருமகள். கிளினிக் அவருக்கு முதலில் கற்றுத்தருவது, எந்த நடத்தைக்கும் முன்னால் என்ன நடந்தது என்று கவனிக்கும் பழக்கத்தை. குளிக்க மறுத்து அடிக்க வருபவருக்குத் தண்ணீர் குளிராக இருந்திருக்கலாம், தம் உடையை யாரோ களைவதாகத் தோன்றியிருக்கலாம், மூட்டுவலியைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். நேரத்தை மாற்றி, துண்டைப் போர்த்தி, ஒவ்வொரு படியையும் சொல்லிச் சொல்லிச் செய்தால் பல நாட்கள் சண்டையில்லாமல் கழியும்.

நகையை எடுத்துவிட்டாய் என்று மருமகளைக் குற்றஞ்சாட்டுவது இந்நோயின் மிகக் கொடிய தருணங்களில் ஒன்று. வைத்த இடம் மறந்துபோக, அந்த வெற்றிடத்தை மூளை ஒரு திருடரைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. வாதாடி நிரூபிப்பதால் பயனில்லை. "வாங்க அத்தை, ரெண்டு பேரும் தேடிப் பார்ப்போம்" என்று உடன் நிற்பது பயன் தரும். இது நோயின் பேச்சு என்பதை மருத்துவரே மற்ற உறவினர்களுக்கு விளக்கிச் சொல்லும்போது அந்த மருமகள் மேல் படிந்த பழியும் விலகுகிறது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே மாலையானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புபவரிடம் இதுதான் வீடு என்று மறுப்பதைவிட, அவர் போக நினைக்கும் வீட்டைப் பற்றிப் பேசவிட்டு, சற்று நடத்திக் கூட்டிவந்து, விளக்கைப் பளிச்சென்று போட்டு வைப்பது அவரை அமைதிப்படுத்தும்.

வீட்டுப் பாதுகாப்பும் பேசப்படும். இரவில் கேஸ் ரெகுலேட்டரை அணைப்பது, குளியலறையில் கைப்பிடி பொருத்துவது, படுக்கையிலிருந்து கழிவறை வரை விளக்கு எரியவிடுவது, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைப்பது, தெருமுனை டீக்கடைக்காரரிடமும் காவலாளியிடமும் சொல்லி வைப்பது எல்லாம் இதில் அடங்கும். தூக்கமோ கோபமோ கட்டுக்கடங்காதபோது கடைசி வழியாகவே சில மனநல மருந்துகளைக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தருவார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் அவை பக்கவாத, மரண ஆபத்தைக் கூட்டும் என்பது நிறுவப்பட்ட உண்மை. அவற்றை வீட்டார் தாமாகவே நீட்டிக்கக் கூடாது.

கவனிப்பவரின் சுமையையும் அளக்கிறார்கள். அதற்கென 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் அளவுகோல் பல நாடுகளில் பயன்படுகிறது. உங்களுக்கு எத்தனை மணி நேரம் தூக்கம் கிடைக்கிறது, முதுகுவலி உண்டா, கடைசியாக எப்போது வெளியே சென்றீர்கள் என்று கேட்கும்போது பலரும் உடைந்து அழுவதுண்டு. அதுவரை அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தேவையானால் அவருக்கும் தனியாகச் சிகிச்சை தருவார்கள். அண்ணன் தம்பிகளையும் அக்கா தங்கைகளையும் ஒன்றாக உட்கார வைத்து, யார் பணம் தருவது, யார் வாரத்தில் ஒரு நாள் பொறுப்பேற்பது என்று பேச வைக்கும் குடும்பச் சந்திப்பு, எந்த மாத்திரையைவிடவும் அதிக நிம்மதி தரக்கூடியது. கிளினிக் தானாக ஏற்பாடு செய்யாவிட்டால் நீங்கள் கேட்டுப் பெறுங்கள்.

நோய் முற்றும்போது வருகையின் பொருளும் மாறும். விழுங்குவதில் சிரமம், படுக்கைப் புண், திரும்பத் திரும்ப வரும் தொற்று ஆகியவை முன்னுக்கு வரும். முற்றிய டிமென்ஷியாவில் மூக்கு வழியாகவோ வயிற்று வழியாகவோ குழாய் பொருத்தி உணவூட்டுவது ஆயுளைக் கூட்டுவதாகச் சான்றில்லை என்பதால், நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறிது சிறிதாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. இம்முடிவை நெருக்கடியான இரவில் எடுப்பதைவிட முன்னதாகவே பேசி வைப்பது மேல்.

பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எங்களுக்கும் வருமா? முதிய வயதில் வரும் அல்சைமரில் பரம்பரையின் பங்கு இருந்தாலும், பெற்றோருக்கு வந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை. செவித்திறன் இழப்பு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, மது, தனிமை, உடலுழைப்பின்மை முதலான 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு வரையிலான டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் 2024ஆம் ஆண்டு கணக்கிட்டது.

எங்கே தொடங்குவது

முதியோர் மருத்துவத்தில் தமிழகம் முன்னோடி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வ.செ. நடராசன் முதியோருக்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. வேலூர் சி.எம்.சி.யிலும் முதியோர் மருத்துவத் துறை உண்டு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பின் டெம்கேர் பிரிவு டிமென்ஷியாவுக்கென்றே இயங்குகிறது. கேரளத்தில் 1992இல் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன; கவனிப்பவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக்களைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

பெருநகரத்துக்கு வர இயலாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவிலோ பொது மருத்துவப் பிரிவிலோ தொடங்கலாம். இரத்தப் பரிசோதனைகளில் பலவற்றை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கவனிப்பவரின் மனநலத்துக்கு, டெலிமானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. எங்கே சென்றாலும், வீட்டில் நிகழும் குழப்பமான வேளையையோ நடை மாற்றத்தையோ அவர் மனம் புண்படாதவாறு கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்து கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னிலையில் முதியவர் பெரும்பாலும் தம் மிகச் சிறந்த நிலையில்தான் இருப்பார்.